வாழையில் போட்ட ‘ழ’ சரிதானே!

மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதெழுதுதல் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறது. மொத்தம் 10 சொற்கள். மழை, பள்ளி, கிளி, நண்டு, வெள்ளம், மரம், கன்று என ஏழு சரி. வாழைப்பலம், தன்னீர், ஏனி என மூன்று தப்பு. அடுத்து என்ன நடக்கும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்த கதை. சிவப்புப் பேனா மூன்று இடத்தில் வட்டம் போடும். “எத்தனை வாட்டி சொல்லிக் கொடுத்தாச்சு, இன்னும் உனக்கு ழ போடத் தெரியலையா?” என்று ஒரு சத்தம். பிள்ளை முகம் தொங்கிப்போய் நிற்கும்.

கொஞ்சம் நிதானமாக அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ழ தெரியும். ‘மழை’யில் போட்டிருக்கிறது. ‘வாழைப்பலம்’ என்ற அதே சொல்லின் முன்பாதியில்கூடச் சரியாகப் போட்டிருக்கிறது. ஆகவே “ழ தெரியலையா” என்ற திட்டு முதலில் பொய். பொய்யான திட்டிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இப்போது நண்டையும் கன்றையும் பாருங்கள். ட-வுக்கு முன்னால் மூணு சுழி ண, ற-வுக்கு முன்னால் ரெண்டு சுழி ன. இந்த விதி பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது. இரண்டையும் சரியாக எழுதிவிட்டது. தண்ணீரிலும் ஏணியிலும் ட-வும் இல்லை, ற-வும் இல்லை. துணைக்கு விதி கிடையாது. கண்ணால் பார்த்துப் பழகியிருந்தால்தான் வரும். தப்பு எங்கிருந்து வந்தது என்பது, சரியாக எழுதியதைப் படித்த பிறகுதான் நமக்கே புரிகிறது.

அதனால் சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்: “வாழைக்கு ழ சரியா போட்டிருக்க கண்ணு. மழைக்கும் சரி. அதே ழ-தான் பழத்துக்கும், மாத்திடு. நண்டுக்கு மூணு சுழி கரெக்டா வந்திருக்கு பாரு, அதையே தண்ணீருக்கும் ஏணிக்கும் போடு.” 15 நொடிகூட ஆகாது. மூன்று தப்பும் திருத்தப்பட்டாயிற்று, ஒரு குறையும் சொல்லவில்லை. பாராட்டு என்று நான் சொல்வது இதைத்தான். தட்டிக்கொடுப்பதும் கொஞ்சுவதும் வேறு. எது சரியாக வந்தது என்று பெயர் சொல்லிக் காட்டுவது தகவல். குறை சொல்வதில் பெரும்பாலும் அந்தத் தகவல் இருப்பதில்லை. ‘இது தப்பு’ என்பது வழியை அடைக்கும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லாது.

கணக்கிலும் இதே கதைதான். 52 - 27 = 35 என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகள் ஏராளம். சரியான விடை 25. கவனக்குறைவு என்று திட்டுவார்கள். ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது, அதனால் பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதிவிட்டது. பத்தின் இடத்தில் 5-இலிருந்து 2-ஐக் கழித்து 3. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக எழுதியது சரி, ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கியது சரி, கழித்தலும் இரண்டு இடத்திலும் சரி. கடன் வாங்கும் ஒரே ஒரு படிதான் விடுபட்டது. “வரிசையா எழுதினது நல்லா இருக்கு, ஒன்னாம் இடத்துலேர்ந்து ஆரம்பிச்சதும் சரி. இந்த 2-லேர்ந்து 7 போகுமா?” என்று கேட்டு நிறுத்திவிட்டால் போதும். பாதிக்கு மேற்பட்ட நேரம் பிள்ளையே “ஓ, கடன் வாங்கணும்” என்று பென்சிலை எடுத்துவிடும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோரும் திட்டுகிறோம்? திட்டினால் வேலை நடப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான். இந்த மயக்கத்தை அவிழ்த்துக் காட்டியவர் டேனியல் கானமன், 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர். இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது, தண்டனையைவிடப் பாராட்டே நன்றாகக் கற்பிக்கும் என்று அவர் சொன்னார். ஒரு மூத்த பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். நன்றாக விமானம் ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைக் கத்தினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்றார். அவர் பார்த்தது உண்மை. காரணம்தான் வேறு. மிக நன்றாக அமைந்த முயற்சிக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும், மிக மோசமானதற்கு அடுத்தது கொஞ்சம் ஏறும்; யார் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும்.

வீட்டில் ஒரு பகடை இருந்தால் இதைச் செய்து பார்த்துவிடலாம். உருட்டுங்கள். 1 விழுந்தால் பகடையை நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உருட்டுங்கள். 6-க்கு 5 வாய்ப்பு, அடுத்தது 1-ஐவிடப் பெரிதாகத்தான் விழும். 6 விழுந்தால் தடவிக்கொடுத்துப் பாராட்டிவிட்டு உருட்டுங்கள். 6-க்கு 5 வாய்ப்பு, அடுத்தது குறையும். பகடைக்குக் காது கிடையாது. வழக்கமாக 60 வாங்கும் பிள்ளை ஒரு தேர்வில் 45 வாங்கி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த தேர்வில் 62 வாங்குவதும் பெரும்பாலும் இதே கணக்குதான். அப்பா மட்டும் ‘அன்னைக்கு விட்ட விடுதான் வேலை செஞ்சது’ என்று வாழ்நாள் முழுக்க நம்புவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

திட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: பல நேரம் தடுக்க நினைத்ததையே வளர்க்கும். 1968-இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒன்றாம் வகுப்பு ஒன்றில் இதை எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்துகொண்டே இருந்தார்கள். ஆசிரியைகள் “உக்காரு” என்று சொல்வதை அதிகமாக்கியபோது எழுந்து நிற்பதும் அதிகமாயிற்று. சொன்னவுடன் உட்காருவார்கள்தான், அதனால்தான் ஆசிரியைகளுக்கு அது பலித்த மாதிரி தோன்றியது. ஆனால் எழுந்தால் டீச்சர் தன்னைப் பார்க்கிறார் என்பதையும் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் எழுவது குறைந்தது. வீட்டில் அண்ணனும் தங்கையும் அமைதியாக விளையாடும் அரை மணி நேரம் நாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; சண்டை வந்த கணத்தில்தான் ஓடுகிறோம். கணக்கு அதேதான்.

‘சரி, திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம், பேசாமல் இருந்துவிடலாமே’ என்று தோன்றலாம். 1925-இல் எலிசபெத் ஹர்லாக் என்ற உளவியலாளர் 4, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து 5 நாள் கூட்டல் கணக்குகள் கொடுத்தார். ஒரு குழுவை எல்லோர் முன்னிலும் பாராட்டினார்கள், ஒரு குழுவைக் கண்டித்தார்கள், மூன்றாவது குழு அதே அறையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. திட்டு வாங்கிய குழு முதல் முறை முன்னேறியது, பிறகு இறங்கத் தொடங்கியது. பாராட்டுப் பெற்ற குழு ஏறிக்கொண்டே போனது. இந்த மூன்று குழுக்களில் கடைசியாக நின்றது கண்டுகொள்ளப்படாத குழு. நம் வீடுகளில் ஓரளவு நன்றாகப் படிக்கும், தொந்தரவே தராத பிள்ளைக்கு நேர்வது இதுதான். அதன் நோட்டை யாரும் திறப்பதே இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகக் கவலை.

பாராட்டுவதில் நமக்கென்று ஒரு தயக்கமும் இருக்கிறது. நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ வேண்டும், வேலையாளை வேலை முடிந்தபின் புகழ வேண்டும், பிள்ளையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடலே உண்டு. நேரில் புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடும், கண்ணு பட்டுவிடும் என்று பாட்டிகள் பயப்படுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பயத்துக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. கண்ணு படும் என்று பயப்படுவது எப்போது? “என்ன அழகு!”, “என்ன அறிவு!” என்று ஆளைப் புகழும்போது. “தட்டைக் கழுவி வெச்சுட்டியே, நல்ல வேலை” என்று சொன்னதற்காக யாரும் திருஷ்டி சுற்றிப் போட்டதில்லை.

ஆளைப் புகழ்வதற்கும் செய்ததைப் புகழ்வதற்கும் உள்ள வித்தியாசத்தை கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு துல்லியமாகக் காட்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றார்கள், சிலரிடம் “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். அதன்பின் மறுபடி முதல் சுற்று அளவுக்கான புதிர்கள். ‘புத்திசாலி’ப் பிள்ளைகளின் மதிப்பெண் முன்பைவிடக் குறைந்தது, ‘உழைத்தாய்’ பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. இன்னும் மனசைத் தைப்பது ஒன்று உண்டு. வேறு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் ஏறக்குறைய 10-க்கு 4 பேர் கூட்டி எழுதினார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! உழைப்பு என்றால் நாளைக்கும் செய்யலாம், இன்னும் கொஞ்சம் கூட்டலாம். புத்தி இன்று வரவில்லை என்றால் பிள்ளை எங்கே போய் வாங்கும்?

அளவும் முக்கியம். 2014-இல் நெதர்லாந்தில் எட்டி புரூமெல்மன் குழு, 8 முதல் 12 வயதுவரையான 240 பிள்ளைகளை வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னது. ஓவியர் ஒருவர் எழுதியதாகச் சொல்லிச் சிலருக்கு “அழகாக வரைந்திருக்கிறாய்” என்றும் சிலருக்கு “நம்பமுடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்” என்றும் சீட்டு போனது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகள், அந்த மிகைப் பாராட்டுக்குப் பிறகு எளிய படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததும் அதே உயரத்தில் இருக்க வேண்டுமே என்ற பயம். வாடிக்கிடக்கும் பிள்ளைக்குத்தான் நாம் ‘சூப்பர்! செம! கலக்கிட்டே!’ என்று அள்ளிக் கொட்டுகிறோம். அங்கேதான் அது எதிராகத் திரும்புகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை சின்னதாக, சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம்: “இந்த இலையோட நரம்பை ஒவ்வொண்ணா போட்டிருக்க.” அது தாளில் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது.

பாராட்டு கெட்டுப்போகும் இடங்கள் தமிழில் நம் வாய்ப்பழக்கத்திலேயே இருக்கின்றன. முதல் எதிரி ‘ஆவது’. “இன்னைக்காவது ஒழுங்கா எழுதினியே.” எழுதியதற்குப் பாராட்டு, இதுவரை எழுதாததற்கு அடி, இரண்டும் ஒரே வாக்கியத்தில். பிள்ளைக்கு அடி மட்டும்தான் காதில் விழும். அடுத்தது ‘ஆனா’. “நல்லா எழுதியிருக்க, ஆனா கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு.” இந்த ‘ஆனா’ வந்த நிமிடமே அதற்கு முன்னால் சொன்னது அத்தனையும் அழிந்துபோகும். நாலைந்து முறை இப்படி நடந்தால், பாராட்டு வந்ததும் பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு ‘ஆனா’வுக்காகக் காத்திருக்கும். திருத்தம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது வாக்கியத்தை அடுத்த வேலையாகச் சொல்லுங்கள்: “கதையோட முடிவு நல்லா வந்திருக்கு. நாளைக்கு எழுதும்போது ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒரு விரல் இடம் விடு.” மூன்றாவது, ஒப்பிட்டுப் புகழ்வது. “பரவாயில்லையே, அக்காவையே மிஞ்சிட்டே!” அக்கா அங்கேயே உட்கார்ந்திருப்பாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வேலி போட்டாயிற்று.

பரிசும் கவனம். “முடிச்சா சாக்லேட்” என்று முன்கூட்டியே பேரம் பேசுவது, பிள்ளை தானாக விரும்பிச் செய்யும் வேலையில் விஷம் மாதிரி. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்த வண்ணப் பேனாக்களை முன்புபோல் தொடவில்லை. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு இந்த இழப்பு இல்லை.

பிள்ளை 100-க்கு 92 வாங்கி வரும் நாளுக்கு வருவோம். “மீதி 8 எங்க போச்சு?” தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கேட்பவர் மனதில் இருப்பது பெருமையும் ஆசையும்தான். பிள்ளைக்குக் கேட்பது ‘92 ஒன்றுமில்லை’ என்பது. விடைத்தாளை வாங்கி, முதலில் முழு மதிப்பெண் வாங்கிய மிகக் கடினமான கேள்வியைத் தேடுங்கள். “இது கஷ்டமான கேள்வியாச்சே, எப்படிப் போட்ட?” என்று கேளுங்கள். பிள்ளை தன் வழியை வாயால் விளக்கும். அப்படி விளக்கும்போதுதான் அந்த வழி அதற்கே உறுதிப்படும். அடுத்த தேர்விலும் கைகொடுக்கும். போன 8 மதிப்பெண்ணை மறுநாள் பார்க்கலாம். அந்த ஒரு நாளில் எதுவும் கெட்டுப்போகாது.

பழக்கமில்லாதவர்களுக்கு இது முதலில் நாடகம் மாதிரி இருக்கும். சட்டைப் பையில் 5 புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது புடவை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாமல், எத்தனை குறை சொன்னீர்கள், எத்தனை சரியைச் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் கோடு மட்டும் போட்டு வாருங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். மூன்றாம் நாளிலிருந்து, குறிப்பாக ஒரு செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுங்கள். ‘குட்’, ‘சமத்து’ எல்லாம் கணக்கில் சேராது. இரவுக்குள் ஐந்தும் மாற வேண்டும். நாலாவது கொட்டைக்கு எதைச் சொல்வது என்று தெரியாமல் திணறுவீர்கள். அந்தத் திணறல்தான் நல்லது. அப்போதுதான் செருப்பை வரிசையாக விட்டது, தண்ணி பாட்டிலைத் தானே நிரப்பிக்கொண்டது எல்லாம் கண்ணில் படும்.

சின்னப் பிள்ளை என்றால் செய்த உடனே சொல்ல வேண்டும். மாலையில் சொன்னால் எதற்கு என்றே புரியாது. 13 வயதுக்கு மேல் என்றால் சித்தப்பா, அத்தை முன்னால் சொல்லவே வேண்டாம். கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்காமல், ஒரே வரி: “நேத்து தம்பிக்குப் பொறுமையா சொல்லிக் கொடுத்த, கவனிச்சேன்.” பதில் வராது. பதிலை எதிர்பார்க்கவும் வேண்டாம். “சும்மா சொல்றீங்க” என்று பிள்ளை மறுத்தால் வாதாடாதீர்கள். நோட்டில் அந்த இடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கணவன் மனைவிக்கும் இதே கணக்கு உண்டு. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், நிலைத்த திருமணங்களில் வாக்குவாதத்தின்போதுகூட ஒரு கசப்புக்கு ஐந்து நல்லது என்ற விகிதம் இருப்பதைக் கண்டார். நம் சாப்பாட்டுத் தட்டில் உப்பு குறைந்த அன்று மட்டும்தான் சாம்பாரைப் பற்றிப் பேச்சு வருகிறது. உப்பு சரியாக இருந்த அத்தனை நாளும் மௌனம்.

பாராட்டு ஆகாத இடமும் உண்டு. எரியும் அடுப்பில் கை வைக்கப்போகும் பிள்ளையிடமும், சாலையில் இறங்கி ஓடும் பிள்ளையிடமும், இன்னொரு பிள்ளையை அடிப்பவனிடமும் உரக்க, சுருக்கமாக நிறுத்தத்தான் வேண்டும். அப்போதும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்: “நில்லு. என் கையைப் பிடி.” பழைய கணக்கையெல்லாம் அங்கே எடுக்க வேண்டாம். பிறகு தனியாக, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசினால் போதும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் எழுதிய முதல் பக்கத்தைக் கிழிக்காமல் தேதி போட்டு வைத்திருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அதையும் அந்த வாரம் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ரெண்டையும் பாரு, என்ன மாறியிருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை விரலை வைத்துத் தேடும். “இங்க பலம்னு எழுதியிருக்கேன், இங்க பழம்னு கரெக்டா இருக்கு” என்று தானே சொல்லும். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தும். அது முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.